எல்லை தாண்டிய பள்ளத்தாக்குக் காய்ச்சல்

பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்பது, வறண்ட மண்ணில் வாழும் காக்சிடியாய்டீஸ் என்னும் பூஞ்சையால் ஏற்படும் நோயாகும். புழுதியுடன் பறக்கும் இதன் வித்துகளைச் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரலில் தொற்று உண்டாகிறது. சிலருக்கு எலும்பு, தோல், மூளையுறை ஆகியவற்றுக்கும் பரவுகிறது.

அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களிலும் மெக்சிகோவிலும் இந்நோய் வழக்கமாகக் காணப்படுகிறது. ஆனால் 2010-2011இல், வெகு வடக்கே உள்ள வாசிங்டன் மாநிலத்தில், அண்மையில் அப்பகுதிகளுக்குச் செல்லாத மூவருக்கு இது கண்டறியப்பட்டது. நோயாளி ஒருவரிடம் இருந்த பூஞ்சையும் அங்குள்ள மண்ணில் கிடைத்த பூஞ்சையும் மரபணு ஆய்வில் ஒத்திருந்தன.

காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி ஆகியவை இருப்பதால் இது சாதாரண நிமோனியா எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் இப்பூஞ்சையைக் கொல்வதில்லை. எனவே, நோயாளி வெளியூர் செல்லவில்லை என்பதற்காக மட்டும் பூஞ்சைச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.