விடை யார் தலையில்?

2011இல் ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியில் அமிதாப் பச்சனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் சுஷில் குமார். பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கடைசிக் கேள்வி வந்தது: 1868இல் நிக்கோபார் தீவுகளின் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு இந்தியாவை விட்டு விலகிய காலனி நாடு எது? டென்மார்க் என்ற விடை அவருக்கு 5 கோடி ரூபாயைப் பெற்றுத் தந்தது.

மோதிஹாரியில் அது கோடிகளுக்கான கேள்வி. தரங்கம்பாடியிலோ பள்ளிக்கூடப் பையன்கூட யோசிக்காமல் சொல்லிவிடுவான். டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை அவன் ஊர்க் கடற்கரையில்தான் நிற்கிறது. விடை எங்கோ ஒருவர் தலையில் இருக்கிறது. அது யார் தலை என்று கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம்.

2000 ஜூலையில் இந்த நிகழ்ச்சி தொடங்கியபோது நண்பருக்கு போன் செய்து விடை கேட்கக் கிடைத்த அவகாசம் 30 விநாடி. கேள்வியையும் நான்கு விடைகளையும் படித்துக் காட்டுவதிலேயே பாதி கரைந்துவிடும். மறுமுனையில் “என்ன, திரும்பச் சொல்லு” என்றால் தீர்ந்தது. அரங்கில் இருக்கும் கூட்டத்தைக் கேட்பதே மேல் என்கிறது ஒரு கணக்கு. இதே நிகழ்ச்சியின் அமெரிக்கப் பதிப்பில் போன் நண்பர்கள் சுமார் 65 சதவீதமும் பார்வையாளர்கள் 91 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள் என்று ஜேம்ஸ் சுரோவிக்கி 2004இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். கூட்டத்தின் முன் வைக்கப்படுவது பெரும்பாலும் சுலபமான கேள்விதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சினிமா, கிரிக்கெட் என்றால் கூட்டத்தை நம்பலாம். நிக்கோபார் என்றால் யோசிக்க வேண்டும்.

பரிசுப் பணத்துக்கு ஆசைப்படாத க்விஸ் உலகம் இதைவிடப் பழையது. 1967இல் கல்கத்தாவில் ஒரு சர்ச் மண்டபத்தில் நீல் ஓ’பிரையன் நடத்திய பொது க்விஸ், 1983இல் பெங்களூரில் பிறந்த கர்நாடகா க்விஸ் அசோசியேஷன் என்று அது வளர்ந்தது. மூன்று நான்கு பேர் தலையை ஒட்டி வைத்துக் கிசுகிசுப்பதுதான் அங்கே ஆட்டமே. 2020 ஊரடங்கில் அந்தக் கிசுகிசுப்பு கம்ப்யூட்டர் திரைக்கு மாறியது. சென்னைக்காரரும் கொல்கத்தாக்காரரும் ஒரே அணியில் சேர முடிந்தது. கூடவே தலைவலியும் வந்தது: பக்கத்து ஜன்னலில் கூகுள் திறந்திருக்கிறதா என்று யார் பார்ப்பது?

நிக்கோபார் கேள்வியை அப்படியே போட்டால் இணையத்தில் நொடியில் விடை கிடைத்துவிடும். ஆகவே கேள்வி தயாரிப்பவர்கள் முடிச்சு போடுகிறார்கள். உதாரணமாக இப்படி: ‘1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊரையும், 1800இல் வில்லியம் கேரியின் அச்சகம் தொடங்கிய ஊரையும் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றது யார்?’ தமிழருக்குத் தரங்கம்பாடி உடனே தட்டுப்படும். வங்காளிக்கு செராம்பூர். ஆனால் இருவருமே தனித்தனியாக வழியில் நின்றுவிடலாம். கோவாக்காரர் குறுக்கிட்டு, போர்ச்சுகீசியர்கள் 1961 வரை நகரவே இல்லை என்று அவர்களைக் கழித்துவிடுவார். பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியை விட்டது 1954இல், அவர்களும் இல்லை. டச்சுக்காரர்கள் 1825லேயே மூட்டை கட்டிவிட்டார்கள். மிச்சம் டென்மார்க்.

தேடித் தட்டுவதற்குள் இத்தனையும் பேசி முடிந்துவிடும். விடையை அறிவித்ததும், அதுவரை வாயே திறக்காத நான்காவது நபர் சொல்வார்: “எனக்கு நாக்கு நுனியில் இருந்தது.”