குறி அறிந்து பேணுதல்

ஓசூரைக் கடந்தவுடன் வருவது கருநாடகத்தின் ஆனேக்கல் வட்டம். அத்திப்பள்ளி, ஜிகணி, பொம்மசந்திரா ஆலைகளில் நம்மவர் பலர் உழைக்கின்றனர். அவருள் எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்வோர்க்குப் பயன்படும் செய்தி ஒன்றை ஈண்டு விளக்குவோம்.

1986ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இக்கிருமியை இந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறிந்தனர். 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக மருந்து வழங்கி வருகிறது. தவறாது உண்போர் நெடுநாள் வாழ்கின்றனர். எனினும் உபாதைகள் சில எஞ்சி நிற்பதுண்டு.

அவை பெரும்பாலும் கூட்டமாகவே வருகின்றன. களைப்பு, உறக்கமின்மை, மனச்சோர்வு என்பன ஒரு கூட்டம். இவர்க்கு மனநல ஆலோசனை இன்றியமையாதது. பாத எரிச்சல், மரமரப்பு, குத்தல் என்பன நரம்பைச் சார்ந்தவை. இவர்தம் மருந்தையும் சர்க்கரை அளவையும் மதுப்பழக்கத்தையும் ஆராய்தல் வேண்டும். இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கனுள் ஒன்றிருப்பினும் காசநோய்ச் சோதனை உடனே வேண்டும். இங்ஙனம் வகுத்தறிந்தால், அவரவர்க்கு ஏற்ற சிகிச்சை அமையும்.

ஆயின், கூறாத குறியை மருத்துவர் எங்ஙனம் அறிவார்? மொழி தெரியாமையால் ஒன்றைக் கூறி மூன்றை விழுங்குவோர் பலர். மொழிபெயர்க்க அயலாரை அழைத்துச் செல்லவும் அஞ்சுவர். கன்னடத்தில் களைப்பு ‘சுஸ்து’, உறக்கம் ‘நித்தெ’, எரிச்சல் ‘உரி’. இம்மூன்று சொற்களே பெருந்துணையாம். ஒருவரது நிலையை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். ஆதலின் அன்பர்களே, குறி எதனையும் மறையாது கூறுமின்.