குட்டி நாயும் தெருநாய்களும்

தெருநாய்கள் கூட்டமாக, தமக்கென ஓர் எல்லை வகுத்து வாழ்பவை. நாகர்கோவில் வடசேரி, கோட்டாறு போன்ற சந்தைப் பகுதிகளிலும், குளச்சல் போன்ற மீன்பிடி ஊர்களிலும் இரை கிடைக்குமிடம் அவற்றின் எல்லையாகிவிடுகிறது. அதற்குள் குட்டியுடன் நுழைபவரை அவை குரைத்து எதிர்ப்பது இயல்பே.

ஓடினால் துரத்தும். நின்று, குட்டியைக் காலுக்குப் பின்னால் நிறுத்தி, நாயின் கண்ணை உற்றுப் பார்க்காமல், வந்த வழியே மெல்லப் பின்வாங்க வேண்டும். நாய் அருகில் வந்தபின் குட்டியைத் தூக்கினால் அது நம் மேல் பாயக்கூடும். தொலைவில் கண்டதுமே தூக்கிவிடலாம். கல்லெடுக்கக் குனிவது நம்மூர்ப் பழக்கம். குனிந்தாலே பல நாய்கள் விலகும். எறிந்தால் கூட்டமே திரும்பும்.

2023 ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காதில் வெட்டு அடையாளமுள்ளது அப்படிப்பட்ட நாய். ஆனால் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும் என்பதால், அடையாளத்தை மட்டும் நம்பக்கூடாது.

குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. அதற்கு முன் தெருவுக்குக் கொண்டுபோகாதிருப்பதே நல்லது. கடிபட்ட குட்டியை அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். "குட்டிப் பல்தானே" என்று அதன் கடியை அலட்சியம் செய்வோர் உண்டு. வெறிநோய் குட்டியிடமிருந்தும் தொற்றும், அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. மனிதருக்குக் கீறல் பட்டாலும், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று, தோலினுள் போடும் ஊசியை முதல் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28 ஆம் நாள்களிலும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.