பதினான்கு கீரைகளின் நகரம்

தமிழ்நாட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் தின்று, பலகாரத் தூக்கைத் திறக்கிற அதே நரக சதுர்த்தசித் திதியில் கொல்கத்தாவில் கீரை சாப்பிடுகிறார்கள். அங்கே அதற்குப் பூத சதுர்த்தசி என்று பெயர். மதியச் சோற்றோடு பதினான்கு வகைக் கீரை வதக்கல், மாலையில் முன்னோருக்குப் பதினான்கு விளக்கு. கீரைக் கலவையை ‘சோத்தோ ஷாக்’ என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் நவத்வீபத்தில் வாழ்ந்த ரகுநந்தனர் என்ற தர்மசாஸ்திர அறிஞர் இந்தப் பதினான்கையும் பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறார். சேனையின் இளந்தழை, சக்கரவர்த்திக் கீரை, கடுகுக் கீரை, வேப்பங்கொழுந்து, சீந்தில், ஆரைக்கீரை என்று போகும் அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் தானாக முளைப்பவை. ஐப்பசியில் வெயில் தணிந்து பனி இறங்கும்போது உடம்பைத் தயார் செய்ய இப்படி ஒரு நாளை வைத்திருக்கிறார்கள்.

இன்று கரியாஹாட்டிலும் லேக் மார்க்கெட்டிலும் அந்த நாள் காலையில் சோத்தோ ஷாக் நறுக்கிய கலவையாகவே குவித்து விற்கப்படுகிறது. கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் செங்கீரை, முள்ளங்கித் தழை, பாலக், கொடிப்பசலை, வள்ளைக்கீரை. சீந்திலும் ஆரையும் கிடைப்பது அரிது. பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் போலி என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னிரண்டாவது மாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு குடும்பம் ஆறேழு கீரைகளை ஒரே வாணலியில் போடுகிறது என்றால், அந்த நாள் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. என் கவலையெல்லாம் மீதி 364 நாட்களைப் பற்றியது.

ஏனென்றால் ஒரு காலத்தில் வங்காளத்தில் ஆண்டு முழுவதுமே இப்படித்தான் இருந்தது. பங்குனி பிறந்தால் வேப்பங்கொழுந்தையும் கத்தரிக்காயையும் வறுத்து முதல் கவளத்தில் பிசைந்துகொள்வார்கள். முருங்கைப்பூ வதக்கலும் அப்போதுதான். பிஞ்சுப் பலா வந்துவிட்டால் மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டிலும் அதற்குத் தனி மரியாதை. அதன் செல்லப் பெயரே ‘மரத்து ஆடு’. கோடையில் மாங்காய் போட்ட புளிப்புப் பருப்பு, கூடவே நம் ஊர்க்காரர்கள் அதிகம் தொடாத பொடோல் காய். மழை தொடங்கினால் ஹில்சா மீன்தலை போட்ட கொடிப்பசலைக் கூட்டு. சரஸ்வதி பூஜைக்கு முன் இலந்தைப்பழத்தைத் தொடக் கூடாது, தொட்டால் பரீட்சையில் தேறமாட்டாய் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். பூஜைக்கு மறுநாள் ‘கோட்டா ஷெத்தோ’: முழுப் பயறு, அவரை, குட்டிக் கத்தரி, சர்க்கரைவள்ளி, பட்டாணி எல்லாவற்றையும் நறுக்காமல் முழுசாக வேகவைத்து ஆறவிட்டுச் சாப்பிடுவது. துர்கா பூஜையில் துர்க்கையின் பக்கத்தில் சேலை கட்டி நிற்கும் ஒன்பது செடிகளின் கட்டில்கூட வாழை, சேம்பு, மஞ்சள், வில்வம், மாதுளை, நெல் எல்லாம் உண்டு.

ஒரு நாளைக்குள்ளும் ஒரு வரிசை இருந்தது. மதியச் சாப்பாடு கசப்பில் தொடங்கும். பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரி, சர்க்கரைவள்ளி என்று ஐந்தாறு காய்கள் சேர்ந்த ஷுக்தோ முதலில் வரும். பிறகு கீரை, பருப்பு, கறி. மீன் அதற்கும் பின்னால்தான். பசி முழுதாக இருக்கும்போதே காய்கறி இலையில் விழுந்துவிடும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் தினமும் மனஉறுதியைத் திரட்டிக்கொண்டு நல்ல சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதுதான். இன்று என்ன காய் என்ற கேள்விக்குப் பஞ்சாங்கமும் பருவமும் விடை சொல்லிவிட்டன.

ஆனால் இந்த அழகான ஏற்பாட்டை யார் தோளில் ஏற்றினார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காலையில் துணிப்பையோடு சந்தைக்குப் போவது ஆண்களின் வேலை. பேரம் பேசி, கீரையை முகர்ந்து பார்த்து வாங்கி வருவது அவர்களுக்குப் பெருமை. அதற்கப்புறம் அரிவாள்மணை முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்தவர்கள் பெண்கள். வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாகக் கள்ளன் எடுத்து, வாழைத்தண்டின் நாரை விரலில் சுற்றி, பலாப்பிஞ்சின் பாலுக்குக் கையில் எண்ணெய் தடவி, ஷுக்தோவுக்கு ஓர் அளவிலும் லாப்ரா என்ற கலவைக் காய்கறிக்கு வேறோர் அளவிலும் நறுக்கினார்கள். வடகொல்கத்தாவின் கூட்டுக் குடும்பங்களில் இதற்கு நான்கைந்து ஜோடிக் கைகள் இருந்தன.

அவற்றில் பல விதவைகளின் கைகள். வங்காளத்து உயர்சாதிக் குடும்பங்களில் கணவனை இழந்தவளுக்கு மீன் இல்லை, இறைச்சி இல்லை, வெங்காயமும் பூண்டும் இல்லை, மசூர் பருப்புகூட இல்லை. ஒரு வேளைச் சோறு, ஏகாதசியன்று தண்ணீரும் இல்லாத பட்டினி. 1856இல் மறுமணச் சட்டம் வந்த பிறகும் இந்த அடுப்படி விதிகள் நெடுங்காலம் தளரவில்லை. அந்தச் சிறைக்குள் இருந்துகொண்டு சுரைக்காய்த் தோலையும் பூசணித் தண்டையும் பொடோல் தோலையும் அவர்கள் உணவாக்கினார்கள். தாகூர் குடும்பத்தின் பிரக்ஞாசுந்தரி தேவி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆஹார்’ என்ற சமையல் நூலில் காய்கறிச் சமையலுக்குக் கிடைத்திருக்கும் விரிவைப் பார்த்தால் அந்தக் கைத்திறன் எவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது என்று புரியும். வங்காளச் சைவச் சமையலைப் புகழ்கிறவர்கள் இந்தக் கொடுமையையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வறுமையும் தன் பங்கைச் செய்தது. 1943 பஞ்சத்தில் கஞ்சித்தண்ணீர் கேட்டுக் கொல்கத்தாத் தெருக்களில் விழுந்தவர்கள், கிராமத்தில் காட்டுச் சேம்பையும் கிடைத்த தழையையும் தின்று தீர்த்துவிட்டு வந்தவர்கள். 1947க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கத்துக் குடியேற்றங்களில் சேம்பின் ஓடுதண்டையும் அல்லித்தண்டையும் சமைத்தார்கள். அவற்றை ஏளனமாகப் பார்த்த நகரத்தின் பெரிய ஹோட்டல்கள் இன்று அதே ஓடுதண்டை இறால் போட்டு, நல்ல விலைக்குப் பரிமாறுகின்றன.

இவ்வளவு வகை இருந்த தட்டு இன்று எப்படிச் சுருங்கியது? வெளியிலிருந்து வந்த காய்கள் மேல் பழி போட முடியாது. வில்லியம் கேரி 1820இல் கொல்கத்தாவில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஐரோப்பியக் காய்களை இங்கே வளர்க்க முயன்றது. காலிஃபிளவரும் முட்டைக்கோஸும் வங்காளத்துக் குளிர்காலத்துக்கு அழகு சேர்த்தவை. சந்தேகத்தோடு வரவேற்கப்பட்ட உருளைக்கிழங்கோ பிரியாணிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது உருளை விளைச்சலில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் மேற்கு வங்கத்துக்கு. ஹூக்ளி மாவட்டக் குளிர்பதனக் கிடங்குகள் ஆண்டு முழுவதும் அதைத் தருகின்றன. நறுக்க எளிது, கெடாது, குழந்தைகள் முகம் சுளிக்காமல் தின்பார்கள். மீன் குழம்பில் உருளை, போஸ்தோ என்ற கசகசாக் கறியில் உருளை, சிங்காரா என்ற சமோசாவில் உருளை, ரோலுக்குள்ளும் உருளை.

சிக்கல் இங்கேதான். நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கில் உருளைக்கிழங்கு சேராது; அது சோற்றோடு சேர்ந்த மாவுப்பொருள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் கூடுதலாகக் கேட்கிறது: 2000 கலோரித் தட்டில் காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம். 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். சோற்றுக்கு உருளையைத் தொட்டுக்கொள்ளும் ஊர் இந்த எண்ணை அலட்சியமாகக் கடக்கக் கூடாது. பலவகை என்பதற்கும் காரணம் இருக்கிறது. கீரையில் கிடைக்கும் ஃபோலேட் பூசணியில் அவ்வளவு இல்லை, பூசணியின் கரோட்டின் முட்டைக்கோஸில் மிகக் குறைவு, குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்குப் பல வகை நார்கள் வேண்டும். ஒரே காயை இரண்டு மடங்கு தின்று இதை ஈடுகட்ட முடியாது.

பழத்தின் கதை கொஞ்சம் வேறு. அன்று பழம் பூஜைத் தட்டுக்கும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கைக்கும் உரியது. வைகாசியில் மருமகனுக்கு விருந்து வைக்கும் ஜமாய் ஷஷ்டியில் மாம்பழமும் லிச்சியும் பலாவும் குவியும். இன்று மேச்சுவா மொத்தச் சந்தையிலிருந்து ஆப்பிளும் கிவியும் எல்லா மாதமும் வருகின்றன. டிராகன் பழத்தை வங்காளத்து உழவர்களே விளைவிக்கிறார்கள். வரட்டும். ஆனால் பக்கத்து பாருய்பூரின் கொய்யா விலை குறைவு, வைட்டமின் சி-யில் ஆப்பிளை எங்கோ பின்னால் தள்ளிவிடும். நோயாளிக்கு ஆப்பிளே கௌரவம் என்ற பழக்கத்தைக் கைவிட்டால் பணமும் மிஞ்சும், உடம்புக்கும் கூடுதலாகக் கிடைக்கும்.

காய்கறி எங்கே விளைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நகரின் கிழக்கே கழிவுநீரை மீன்குளங்களில் தெளியவைத்து வயலுக்குப் பாய்ச்சும் சதுப்பு நிலங்கள் 12,500 ஹெக்டேர். அவற்றைப் பாதுகாக்கப் போராடியவர் த்ருவஜோதி கோஷ். 2002இல் அவை உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே தாபா என்ற பகுதியின் குப்பை வயல்களில் நூறாண்டுக்கு மேலாகக் காலிஃபிளவரும் கீரையும் விளைந்து, விடிவதற்குள் சந்தைக்கு வந்துவிடுகின்றன. மலிவான காய்கறிக்கு இந்த நகரம் அந்த நிலத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே விளையும் காய்களில் ஈயமும் காட்மியமும் இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொழிற்சாலைக் கழிவைச் சாக்கடையில் கலக்கவிடாமல் தடுப்பது அரசின் கடமை. அதைச் செய்யாமல் மக்களிடம் கீரை தின்னுங்கள் என்று சொல்வது நியாயமில்லை.

லேக் மார்க்கெட்டில் இன்று நடப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பகுதி இது. கறிவேப்பிலையும் வெண்பூசணியும் வாழையிலையும் தேடி நம்மவர்கள் போகும் அதே வரிசையில் வங்காளிகளின் பொடோலும் பலாப்பிஞ்சும் இருக்கின்றன. வாழைப்பூவும் வாழைத்தண்டும் வல்லாரையும் இரண்டு வீட்டுக்கும் பொது. நம் வீட்டில் பருப்புசிலி, அவர்கள் வீட்டில் தேங்காய் போட்ட கொண்டோ. கான்னிங், லட்சுமிகாந்தபூர் பக்கத்திலிருந்து விடியற்காலை ரயிலில் வரும் பெண்கள் நடைபாதையில் சாக்கு விரித்துக் கீரை விற்கிறார்கள். 2014இல் மாநில அரசு தொடங்கிய ‘சுஃபல் பாங்லா’ கடைகளும் வண்டிகளும் உழவரிடம் வாங்கிய காயை நியாய விலையில் கொடுக்கின்றன. இதற்கெல்லாம் மேலாக, பலாப்பிஞ்சைத் தோல் சீவி வெட்டியும் வாழைப்பூவை நறுக்கியும் தருகிற வியாபாரிகள் பெருகியிருக்கிறார்கள். ஒரு மணி நேர உழைப்புக்குச் சில ரூபாய் கூடக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். அடுப்படியில் கூலியில்லாமல் நடந்த வேலை இப்போது இன்னொருவருக்குப் பிழைப்பாகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டும் பெரியவர்களிடம் நான் மரியாதையோடு மாறுபடுகிறேன்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு வங்காளத்துப் பழைய வரிசையையே நான் சொல்லுவேன்: சாப்பாட்டின் முதல் உருண்டை கசப்போடோ கீரையோடோ இருக்கட்டும். உருளையைச் சோற்றுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, பெயர் தெரியாத ஒரு காயையோ கீரையையோ கைகாட்டி, எப்படிச் சமைப்பது என்று விற்கிற அம்மாவிடமே கேளுங்கள். பின்னால் ஆள் காத்திருந்தாலும் விரிவாகச் சொல்லுவார்கள். நறுக்கித் தர ஆள் இல்லாத நாளில், சந்தைக்குப் போய்வந்த ஆணே அரிவாள்மணையில் உட்காரலாம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் கறை பிடிக்காது, நறுக்கிய வாழைப்பூவை மோரில் போட்டுவைத்தால் கறுக்காது.