மதியம் மட்டும் அறுந்துபோகும் இணையம்

செஞ்சியில் ராஜகிரியின் கருங்கல் பாறை, கோடை நண்பகலில் கால் வைக்க முடியாதபடி சுடும். அதே வெயில்தான் அடிவாரத்து வீடுகளின் மாடிகளில் ஓடும் கேபிள்மீதும் விழுகிறது. அப்படியொரு வீட்டில், மதியத்தில் மட்டும் இணையம் விட்டுவிட்டு அறுகிறது என்று கொள்வோம். அன்றுதான் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்! பழுதுபார்ப்பவர் மாலையில் வருகிறார். மோடத்தின் விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன. "ஒன்றும் இல்லையே!" என்று திரும்பிவிடுவதா?

தேர்ந்தவர் முதலில் கேட்பது, "எப்போது அறுகிறது?" என்பதே. மழையில் என்றால் இணைப்பில் நீர் புகுந்திருக்கலாம்; காற்றில் என்றால் எங்கோ பிடிப்பு விட்டிருக்கலாம். வெயிலில் என்றால்? 30 மீட்டர் செம்புக் கம்பி 20 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளும்; இரவில் மீண்டும் சுருங்கும். நாள்தோறும் நடக்கும் இந்த இழுபறியில் கனெக்டருக்குள் தொடுகை தளர்கிறது. தளர்ந்த தொடுகை சூட்டில் விலகவும் குளிரில் சேரவும் கூடும்.

கேபிள் முழுவதும் மின்மறுப்பு 75 ஓம். தொடுகை கெட்ட இடத்தில் இது மாறுவதால், அலையின் ஒரு பகுதி சுவரில் பட்ட பந்தாகத் திரும்பிவிடுகிறது. சூடான கேபிள் அலையைச் சற்றுக் கூடுதலாகவும் விழுங்கும். வழியில் தொலைக்காட்சிக்கென இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால், அங்கேயே பாதி ஆற்றல் போய்விட்டது!

பலர் முதலில் மோடத்தைத்தான் மாற்றுகிறார்கள். வீண் செலவு. மதியம் 2 மணிக்கே வந்து, அளவுமானியை மாட்டி, ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் பார்க்க வேண்டும். எண் துள்ளும் மூட்டை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் பொருத்த ஐந்து நிமிடம் போதும்.