பாட்டியின் 1,200, பக்கத்து வீட்டின் 1,500

அபிராமபுரம் பக்கம் ஒரு குறுகலான சந்து. அதில் அடுத்தடுத்து நான்கு வாடகை வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் எழுபது வயதுப் பாட்டி. முதியோர் ஓய்வூதியம் மாதம் ₹1,200. இரண்டாவது வீட்டில், கணவனை இழந்து செயின்ட் மேரீஸ் சாலையில் வீட்டு வேலை செய்யும் அக்கா. அவருக்கும் ₹1,200. மூன்றாவதில், விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த இளைஞர். அவருக்கு ₹1,500. நான்காவதில், நாற்பது வயதைத் தாண்டிய, ஆதரவற்ற திருநங்கை. அவருக்கும் ₹1,500. இவை 2023-ல் தமிழ்நாடு அரசு நிர்ணயித்த தொகைகள்.

மாதம் பிறந்ததும் வங்கியின் முகவர் கைரேகை இயந்திரத்தோடு சந்துக்குள் வருகிறார். பணம் கைமாறும் அந்த அரைமணி நேரத்தில் ஒரு கேள்வி எழும்: "அவங்களுக்கு மட்டும் எதுக்கு முந்நூறு ரூபாய் அதிகம்?"

கேள்வி நியாயமானதுதான். மூன்றாவது வீட்டைப் பொறுத்தவரை அதற்கான பதில் ஒரு சட்டத்தின் ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வாக்கியம் நாடு முழுக்கத் தெரிந்திருந்தால், உதவித்தொகை வாங்கும் ஏழைகள் ஒருவரையொருவர் ஏக்கத்தோடு பார்க்க வேண்டியிருக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் மாதம் ₹20 என்று தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியம் 1974-லும், கணவனை இழந்த ஆதரவற்ற பெண்களுக்கானது 1975-லும் வந்தன. மூன்றையும் வருவாய்த் துறை நடத்துகிறது. இவற்றுக்கு வெளியே, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தனியாக ஒரு பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 75 சதவீதமோ அதற்கு மேலோ கடும் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு உள்ளவர்கள் போன்றோருக்கு மாதம் ₹2,000.

இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு? இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டம் 2009-ல் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அப்படியிருந்தால் மாதம் ₹300. வேறு பல சலுகைகளுக்கு 40 சதவீதம் போதும் என்று சட்டம் சொல்ல, இதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு.

வெட்டாமல் வெட்டுவது

'உதவித்தொகையைக் குறைக்கிறோம்' என்று எந்த அரசும் அறிவிப்பதில்லை. வெட்டு வேறு மூன்று வழிகளில் வருகிறது.

முதல் வழி, தொகையை அப்படியே விட்டுவிடுவது. மேலே சொன்ன ₹300 கடைசியாக உயர்ந்தது 2012-ல். நுகர்வோர் விலைக் குறியீட்டில் அந்த ஆண்டை 100 என்று கொண்டால், 2024 முடிவில் அது 195-ஐத் தாண்டிவிட்டது. அன்று ₹300-க்கு வாங்கிய அரிசியிலும் மருந்திலும் பாதிதான் இன்று அதே பணத்துக்கு வரும். ஆணை ஏதும் பிறப்பிக்காமலே உதவி பாதியாகிவிட்டது. மாநிலத்திலும் இதே கதைதான்: 2011-ல் ₹1,000 ஆன மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 ஜனவரியில்தான் ₹1,500 ஆனது. அன்று அதைப் பெற்றவர்கள் ஏறத்தாழ 4.39 லட்சம் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர்.

இரண்டாவது வழி மறு சரிபார்ப்பு. ஆந்திரம் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் ₹6,000, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ₹15,000 என்று உயர்த்தியது. தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளி அமைப்புகள் இன்றும் சுட்டிக்காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் 2025-ல் அங்கே ஓய்வூதியம் பெறும் மாற்றுத்திறனாளிகளை மறுபடி மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறைவு என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு ஆகஸ்டில் ரத்து நோட்டீஸ் போனது. பல ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். போலிச் சான்றிதழைக் கண்டுபிடிக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் சந்தேகத்தின் பாரத்தை, மருத்துவமனைக்கு ஆட்டோ வைத்துப் போகவே கடன் வாங்க வேண்டியவர் தலையில் ஏற்றுவது எப்படி நியாயமாகும்?

மூன்றாவது வழி, 'உங்களுக்குத்தான் வேறு பணம் வருகிறதே' என்ற விதி. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்குவதற்கு முன், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவோரை விலக்கியே விதிகள் எழுதப்பட்டன. ஆகஸ்டிலேயே ஓரளவு தளர்த்தி, முதியோர் ஓய்வூதியம் வரும் வீட்டில் உள்ள மற்றப் பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆனால் விதிக்குப் பின்னாலுள்ள எண்ணத்தை யோசித்துப் பாருங்கள். உரிமைத் தொகை, கூலியே இல்லாத வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்று சொல்லப்பட்டது. மாற்றுத்திறனாளி ஓய்வூதியமோ, பேருந்தில் ஏற முடியாததால் ஆட்டோ, ஊன்றுகோலின் தேய்ந்த ரப்பர், துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி என்று குறைபாடு கேட்கும் கூடுதல் செலவுக்கானது. மாற்றுத்திறனாளிப் பெண்ணும் வீட்டில் உலை வைக்கிறார், துணி துவைக்கிறார். அவர் உழைப்புக்கு ஒன்று, அவர் செலவுக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கி, ஒன்றைத் தேர்ந்தெடு என்பது பெண் என்பதற்கும் மாற்றுத்திறனாளி என்பதற்கும் நடுவே அவரையே இரண்டாகக் கிழிப்பது.

அந்த ஒற்றை வாக்கியம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 24-வது பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. அரசு தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டுத் திட்டங்களை வகுக்க வேண்டும் என்று தொடங்கும் அந்தப் பிரிவு ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறது: மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் உதவி, மற்றவர்களுக்கான அதுபோன்ற திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் அதிகமாக இருக்க வேண்டும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இரண்டு உண்மைகள் தெரிகின்றன.

ஒன்று: சட்டம் வந்தபோது தமிழ்நாட்டில் முதியோருக்கும் ₹1,000, மாற்றுத்திறனாளிகளுக்கும் ₹1,000. சட்டப்படி குறைந்தது ₹1,250 இருந்திருக்க வேண்டும். 2017 மே முதல் 2022 டிசம்பர் வரை 68 மாதங்கள். மாதம் ₹250 வீதம், ஒவ்வொருவருக்கும் ₹17,000 வராமல் போயிருக்கிறது. அச்சிட்ட சட்டத்தில் இருந்த பணம் கைக்கு வரவில்லை.

இரண்டு: 2023 ஆகஸ்டில் முதியோர், கணவனை இழந்தோர் ஓய்வூதியம் ₹1,200 ஆனது. 1,200-உடன் அதன் 25 சதவீதமான 300-ஐக் கூட்டினால் 1,500. சந்தில் எழுந்த கேள்விக்கு, இளைஞரைப் பொறுத்தவரை பதில் இதுதான். அந்த முந்நூறு ரூபாய் யாருடைய தயவும் இல்லை. சட்டம் போட்ட அடித்தளம், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை.

இந்த அடித்தளத்துக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. பாட்டியின் ₹1,200 உயராமல் நின்றால், இளைஞரின் ₹1,500-ஐயும் அங்கேயே நிறுத்திவைக்க அரசுக்குச் சாக்கு கிடைக்கும். பாட்டியின் தொகை ஒரு ரூபாய் உயர்ந்தாலும் இளைஞருக்கு ஒன்றேகால் ரூபாய் உயர்ந்தாக வேண்டும். இரண்டு வீடுகளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

ஒருவர் போட்ட பாதையில் இன்னொருவர்

தமிழ்நாட்டுக்கு இந்தக் கயிறு புதிதில்லை. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விலக்கி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லையும், இழிசொற்களை விலக்கித் 'திருநங்கை' என்ற சொல்லையும் அரசு மொழிக்குள் கொண்டுவந்தது மு. கருணாநிதியின் ஆட்சி. திருநங்கையர் நல வாரியம் அமைந்தது 2008-ல்.

சொல்லில் தொடங்கிய உறவு உரிமைக் கோரிக்கையிலும் தொடர்கிறது. வேலைவாய்ப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடஒதுக்கீடு கிடைமட்டமானது: எந்தச் சாதிப் பிரிவில் பிறந்தவராக இருந்தாலும், அந்தப் பிரிவுக்குள்ளேயே அவருக்கு இடம் உண்டு. திருநர்களுக்கும் அப்படித்தான் வேண்டும் என்று கேட்டுவருகிறார் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு. தலித் திருநங்கை ஒருவரைச் சாதியா, பாலினமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று அரசு கேட்கக் கூடாது என்பது வாதம். மாற்றுத்திறனாளிப் பெண்ணிடம் கேட்கப்படும் அதே தவறான கேள்விதான் இங்கும்.

வீட்டையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2022 மே மாதம், அபிராமபுரத்துக்குப் பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகள் இடிக்கப்பட்டன. சென்னையில் இப்படி அகற்றப்படும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் காட்டப்படும் இடம் நகரின் தெற்கு எல்லையிலுள்ள பெரும்பாக்கம் போன்ற அடுக்ககங்கள். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு வேலை போகிறது. அவருடைய மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, கோட்டூர்புரத்தில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யா சாகர் போன்ற பயிற்சி மையங்கள் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடுகின்றன. முகவரி மாறினால் ஓய்வூதியக் கோப்பும் வேறு வட்டத்துக்கு மாற வேண்டும். எனவே குடிசைவாசிகளின் போராட்டம் மாற்றுத்திறனாளிகளின் போராட்டமும்தான்.

சான்பிரான்சிஸ்கோ, 1977

இப்படிப் போராட்டங்கள் கைகோத்த ஓர் இடம் அமெரிக்கா. அங்கே 1973-ல் ஒரு மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் எந்த இடமும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்றது அதன் 504-வது பிரிவு. அந்த வாக்கியமே, கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தின் வார்ப்பில் எழுதப்பட்டது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் விதிகளில் அமைச்சர் கையெழுத்திடவில்லை.

1977 ஏப்ரல் 5 அன்று, ஜூடி ஹியூமன், கிட்டி கோன் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சான்பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள் நுழைந்து, வெளியேற மறுத்தார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டது. காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று, வெளியே இருந்தவர்களிடம் சைகை மொழியில் செய்தி சொன்னார்கள். தினமும் சூடான சாப்பாடு கொண்டுவந்தது கறுப்புச் சிறுத்தைகள் கட்சி. அக்கட்சியின் பிராட் லோமாக்ஸ், நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர், போராட்டத்தின் உள்ளேயே இருந்தார். தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் துணை நின்றன. ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ கையெழுத்திட்டார். ஏறத்தாழ நான்கு வாரம் தாக்குப்பிடித்தது அந்தச் சாப்பாட்டினால்தான்.

லண்டன், 2025

பிரிட்டனில் 2025 மார்ச்சில் தொழிற்கட்சி அரசு, ஆண்டுக்குச் சுமார் 500 கோடி பவுண்டு மிச்சப்படுத்துவதற்காக மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிகளின் தகுதி விதிகளை இறுக்க முன்வந்தது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்த்தன. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கலகம் செய்தார்கள். ஜூலை 1 அன்று, வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு, முக்கியமான பிரிவைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது.

ஆனால் ஒரு வெட்டு தப்பிவிட்டது. உடல்நலக் குறைவால் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கான கூடுதல் தொகை, 2026 ஏப்ரலுக்குப் பின் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலோருக்கு ஏறத்தாழப் பாதி. ஏற்கெனவே வாங்குபவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. இன்று வாங்குபவரை அமைதிப்படுத்தி, நாளை வரப்போகிறவரிடமிருந்து எடுப்பதும் பிரித்து வெட்டும் முறைதான். இன்னும் வரிசைக்கே வராதவர்களுக்காகவும் குரல் கொடுப்பது ஒற்றுமையின் மிகக் கடினமான பாடம்.

என்ன கேட்க வேண்டும்?

கோரிக்கைகள் ஐந்து. எல்லா ஓய்வூதியங்களையும் விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். மத்திய அரசின் ₹300-ஐ உயர்த்தி, 80 சதவீத நிபந்தனையை 40 ஆக்க வேண்டும். சரிபார்ப்பு தேவையென்றால் வீட்டுக்கு வந்து செய்ய வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை பணம் நிற்கக் கூடாது. வெவ்வேறு நோக்கமுள்ள இரண்டு உதவிகளில் ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கக் கூடாது.

இந்தக் கோரிக்கைகளை மாற்றுத்திறனாளிகள் மட்டும் எழுப்பினால், ஆட்சியில் யார் இருந்தாலும் 'நிதி இல்லை' என்று அனுப்பிவிட முடியும். நான்கு வீட்டுக்காரர்களும் சேர்ந்து போனால் அது கடினம்.

பாட்டிக்கு ₹2,000 கேட்டு யாராவது கொடி பிடித்தால், அந்த ஊர்வலத்தில் முதல் ஆளாக ஊன்றுகோலோடு நிற்க வேண்டியவர் மூன்றாவது வீட்டு இளைஞர்தான். பாட்டிக்கு இரண்டாயிரம் கிடைக்கும் நாளில், சட்டப்படி அவருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. அடுத்த மாதம் வங்கி முகவர் வரும்போது, பாட்டியிடம் இதை அவரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டட்டும்.