மாறியதா, மாற்றியதா?

நேயர்களே, 'சேஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒத்தகருத்துச் சொற்கள் ஐந்தும் எதிர்க்கருத்துச் சொற்கள் ஐந்தும் தரும்படி தர்மபுரத்திலிருந்து ஒரு மாணவி கேட்டெழுதியிருக்கிறார். பட்டியல் கொடுப்பது இலகு. ஆனால் பட்டியலை மனனம் செய்தவர் அதை எங்கே பாவிப்பது என்று தெரியாமல் நிற்பதை வகுப்பறைகளில் நிறையக் கண்டிருக்கிறேன். ஆகவே சற்றுச் சுற்றிவளைத்தே வருகிறேன்.

சட்டையைச் 'சேஞ்ச்' செய்தேன் என்றால் ஒன்றைக் கழற்றி வேறொன்றை அணிந்தேன் என்று பொருள். 'ஒல்ரர்' செய்தேன் என்றால் அதே சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்தேன் என்று பொருள். 'கொன்வேட்' என்பது ஒன்று இன்னொன்றாகவே ஆகிவிடுவது. டொலர் ரூபாயாவது போல. 'வேரி' என்பது இடத்துக்கிடம், நாளுக்குநாள் வேறுபடுவது. நான்கும் ஒத்தகருத்துச் சொற்கள் என்றே புத்தகங்கள் சொல்லும். ஒன்றின் கதிரையில் மற்றொன்றை இருத்திப் பாருங்கள், வசனம் சிரிப்புக்கிடமாகிவிடும்.

எதிர்க்கருத்து இன்னும் சிக்கலானது. நிலைத்திருத்தல் என்ற பொருளில் 'ரிமெய்ன்', 'ஸ்ரே' என்று சொல்லலாம். ஆனால் கடைக்காரர் மீதியாகத் தரும் சில்லறையும் 'சேஞ்ச்'தான். அதற்கு எதிர்ச்சொல் 'ஸ்ரே' ஆகுமா? எதிர்க்கருத்து என்பது சொல்லுக்கு அல்ல, அந்த இடத்தில் அது தரும் பொருளுக்கே உண்டு.

இனி எங்கள் சொல்லுக்கு வருவோம். 'மாற்றம்' என்ற சொல் பழந்தமிழில் பேச்சையும் மறுமொழியையும் குறித்தது. திருக்குறளில் 'அவை அஞ்சாமை' அதிகாரத்தில் அது மறுமொழி என்ற பொருளிலேயே நிற்கிறது. பொன்னின் தரத்துக்கு 'மாற்று' என்றோம். பகைவரை 'மாற்றார்' என்றோம். பிரதியுபகாரத்தைக் 'கைம்மாறு' என்றோம். ஈழத்து வழக்கில் இதற்கு ஒரு தனி அழகும் உண்டு. "காய்ச்சல் மாறீட்டுதோ?" என்று கேட்கிறோம். குணமாவதையே மாறுவது என்கிறோம். தமிழ்நாட்டில் அப்படிக் கேட்டால் எந்தக் காய்ச்சலாக மாறியது என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தப் பொருளில் 'மாறு' என்பதற்கு எதிர்ச்சொல் 'நிலை' அன்று, 'கடுமையாகு' என்பதே. நன்மைக்கு மாறினால் 'திருந்து', தீமைக்கு மாறினால் 'திரி' என்று தமிழ் பிரித்தும் சொல்லும். காடு வெட்டிக் 'காணி திருத்திய' கதையை வன்னிக் குடியேற்றங்களில் முதியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது தன்வினை, பிறவினை என்ற பிரிவு. தானாக நிகழ்ந்தால் 'மாறியது', ஒருவர் செய்தால் 'மாற்றினார்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'சேஞ்ச்' ஒன்றே. திருந்து, திருத்து, திரும்பு, திருப்பு, ஓடு, ஓட்டு என்று எங்களுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு உண்டு. செய்தவன் யார் என்ற கேள்வியைத் தமிழ் வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

அப்படிப்பட்ட மொழியில் 'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல் எப்படி நிலைத்தது என்பதுதான் என் வியப்பு. 'பெயர்ந்து' தன்வினை, 'பெயர்த்து' பிறவினை. பட்டினப்பாலை புலம்பெயர்ந்தவர்களைப் பேசுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது வாழ்ந்த வேற்றுநாட்டார் அவர்கள். அங்கே தன்வினை பொருத்தம். 1977இலும் 1983இலும் வன்செயல்களால் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்களும் அப்படித் தாமாகவா பெயர்ந்தார்கள்? ஆங்கிலத்தில் 'டிஸ்பிளேஸ்' என்பது பிறவினை மட்டுமே. 'டிஸ்பிளேஸ்ட்' என்றால் யாரோ, எதுவோ பெயர்த்தது என்பது சொல்லிலேயே கிடக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 1998இல் வகுத்த வழிகாட்டற் கோட்பாடுகளும், வீட்டைவிட்டுப் போகும்படி வலிந்து தள்ளப்பட்டவர்கள் என்ற பொருளிலேயே அவர்களை வரையறுக்கின்றன. இங்கே ஆங்கிலம் தெளிவாக இருக்கிறது, தமிழ் நழுவிவிட்டது.

விஞ்ஞானப் புத்தகத்தில் 'இடப்பெயர்ச்சி' என்றொரு கலைச்சொல் உண்டு. தொடங்கிய புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் இடையிலுள்ள நேர்கோட்டுத் தூரமும் அதன் திசையும் அது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தால் இடப்பெயர்ச்சி பூச்சியம். 2009 தை மாதத்தில் தர்மபுரத்திலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போய், பின் செட்டிகுளம் முகாமில் இருந்து, மீள்குடியேற்றத்தில் தன் வளவுக்கே வந்து சேர்ந்த ஒருவரின் இடப்பெயர்ச்சியும் கணக்கின்படி பூச்சியந்தான். நடந்த தூரத்துக்கு வேறு சொல் இருக்கிறது என்று ஆசிரியர் சொல்வார். பிள்ளைகள் இரண்டையும் சரியாகவே எழுதிவிடுகிறார்கள்.

ஒரு தாய் "நாங்கள் இடம்பெயர்ந்து வந்தனாங்கள்" என்று சொன்னால் நான் அதைத் திருத்தப் போவதில்லை. பானையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நடந்தவை அவருடைய கால்கள். எப்போது வெளிக்கிடுவது என்று தீர்மானித்ததும் அவர்தான். அந்தத் தன்வினை அவருக்கு உரியது. ஆனால் அறிக்கை, பாடநூல், காணிப்படிவம் ஆகியவற்றை எழுதுபவருக்கு அந்த உரிமை இல்லை. அங்கே 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்று எழுதவேண்டும் என்பது என் கட்சி. சொல் நீளமாகிறது என்பார்கள். 'மீள்குடியேற்றப்பட்டோர்' என்று எழுத மட்டும் பேனை தயங்குவதில்லையே! திருப்பிக் கொண்டுவந்து இருத்தியதற்குப் பிறவினை, பெயர்த்ததற்குத் தன்வினை. இந்த இரண்டு சொற்களையும் ஒரே தாளில் அருகருகே வைத்துப் பாருங்கள்.

'மாறு' என்ற சொல் உங்கள் ஊரில் வேறு பொருளில் வழங்கினால் எழுதியனுப்புங்கள். அடுத்த கிழமை 'மீள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.